ஒட்டி வைத்த முப்பத்தோராம் பாடம்

காப்பித் தோட்டங்களெல்லாம் வெள்ளைக்காரத் துரைகள் கையில் இருந்த காலம். நாகலூர்ப் பக்கத்து மலைக்கோயிலின் கதவில் ஒரு தை மாதம் விளம்பரம் ஒட்டினார்கள். 'சாமானியக் கிறிஸ்தவனும் தேவசாஸ்திரம் படிக்க வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கொட்டை எழுத்தாக இருந்து என்ன செய்ய? அந்தக் கோயிலுக்கு வருகிற இருநூறு சாமானியரில் எழுத்துத் தெரிந்தவர்கள் ஏழே பேர். அந்த ஏழு பேரும் விளம்பரம் எழுதின கமிட்டியில் இருந்தார்கள். எழுதினவர்களே கதவின் முன்னால் நின்று படித்து, நன்றாக வந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு காப்பி குடிக்கப் போனார்கள்.

சங்கதி இதுதான். கோயிலை நடத்துகிற மிஷன் சங்கத்தின் தலைமைக்காரர்கள் சீமையிலிருந்து ஒரு காகிதம் அனுப்பியிருந்தார்கள். மற்ற மலைகளில் சாமானிய ஜனங்கள் தேவசாஸ்திரம் படிக்கிறார்களாம், உங்கள் மலையில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. பாதிரியார் கலங்கிப்போனார். அவர் நல்ல மனுஷர். மலைக்கு வந்து பத்து வருஷத்தில் தமிழில் மூன்று வாக்கியம் கற்றிருந்தார், அதில் இரண்டு குதிரைக்காரனுக்கானவை. மற்றதையெல்லாம் ஆசீர்வாதம் உபதேசியார்தான் அவருக்காகப் பேசுவார், அவருக்காகக் கேட்பார், சில வேளை அவருக்காகக் கோபித்தும் கொள்வார்.

உபதேசியார் உடனே வகுப்பு ஆரம்பித்தார். அவர் போக மற்றக் கமிட்டிக்காரர்கள் ஆறு பேரும் மாணவர்களாகச் சேர்ந்தார்கள். சாமானியர்களுக்கான வகுப்பில் சாமானியர் ஒருவரும் இல்லாதது யாருக்கும் குறையாகப் படவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வீராயி வந்து வாசலில் நின்றாள்.

வீராயி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் கொடுத்து ரெபெக்காள் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் ரிஜிஸ்தரை விட்டு வெளியே வந்ததே இல்லை.

"என்ன வீராயி, விறகு கொண்டாந்தியா?" என்றார் உபதேசியார்.

"இல்லீங்க. படிக்க வந்தேனுங்க."

"என்ன படிக்க?"

"சாஸ்திரமுங்க. படிச்சாத்தான் புரியும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

உபதேசியாருக்கு ஞாபகம் வரவில்லை. வீராயிக்கு மறக்கிற விஷயமா அது?

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்த குழந்தைக்கு அப்போதைக்கப்போது ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். வருஷம் முழுவதும் பிறக்கிற குழந்தைகளையெல்லாம் சேர்த்து வைத்து, மார்கழியில் ஒரே நாளில் ஞானஸ்நானப் பண்டிகை நடத்துவார்கள். சென்னப்பட்டணத்திலிருந்து பெரிய பாதிரியார் டோலியில் வருவார். வெள்ளைச் சட்டை போட்ட முப்பது நாற்பது குழந்தைகளை வரிசையாகப் பிடித்துப் போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோ சீமைக்குப் போகும். ஒன்று இரண்டாக நனைத்தால் ரிப்போர்ட்டில் எடுபடாது என்பது கமிட்டியின் அனுபவம். பேரும் அன்றைக்குத்தான் வைப்பார்கள். அதுவரைக்கும் தோட்டக் கூலிகள் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகளெல்லாம் வெறும் கண்ணுதான், சாமிதான்.

வீராயிக்கு ஏழு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். தன் அம்மா பேரைப் பூவாயி என்று வைக்க ஆசைப்பட்டாள். அது அஞ்ஞானப் பேர், பண்டிகையில் பெரிய பாதிரியார் நல்ல பேராக வைப்பார், பொறு என்றார் உபதேசியார். பொறுத்தாள். ஐப்பசி மழையில் பிள்ளைக்கு மலைக்காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் பகலில் கண் மேலே செருகிவிட்டது. புருஷன் செல்லப்பன் ஓடிப்போய் உபதேசியாரைக் கூட்டிவந்தான்.

"ஏனுங்க, தண்ணி தெளிச்சு ஒரு பேரு வச்சிருங்க" என்று வீராயி அவர் காலைப் பிடித்தாள்.

"பாதிரியார் சேலத்துக்குப் போயிருக்கிறார். அவர் இல்லாமல் எப்படி? பண்டிகைக்கு இன்னும் இரண்டு மாசம்தான், தைரியமாய் இரு" என்றார் அவர். அரை மணி நேரம் உருக்கமாக ஜெபம் பண்ணினார். தொண்டை வறண்டு போயிற்று. மூலையில் இருந்த குடத்தில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர் மேட்டு வளைவு தாண்டுவதற்குள் பிள்ளை போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டுப் போனார்கள். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை மதிலுக்கு உள்ளே வைக்க முடியாது, வெளியே பலாமரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டாள். "அது தேவசாஸ்திரம். படித்தால்தான் புரியும். உனக்குச் சொன்னால் விளங்காது" என்றார் உபதேசியார்.

செல்லப்பன் அன்றைக்குக் கோயிலை விட்டவன்தான். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டான். வீராயி விடவில்லை. அது சாஸ்திரம் என்றால் சாஸ்திரத்தில் எங்கேயோ ஒரு வழியும் இருக்கும், அதைக் கண்டுபிடித்துப் பிள்ளையை மதிலுக்குள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவளுக்கு. அதற்காகத்தான் வந்து நின்றாள்.

அவளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கமிட்டி மூன்று தடவை கூடியது. சாமானியன் என்று போட்டிருக்கிறதே தவிர சாமானியள் என்று போடவில்லையே என்றார் ஒருவர். காரியதரிசி மாசிலாமணி, எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக இருக்கிறவர், எழுந்து பேசினார்.

"கனம் பொருந்திய சகோதரரே! சாமானியர்மேல் நமக்குள்ள அன்பு உலகம் அறிந்தது. சாமானியருக்காகவே இந்த வகுப்பு, சாமானியருக்காகவே இந்தக் கமிட்டி, சாமானியருக்காகவே இந்தப் பிஸ்கத்து. ஆனால் சாமானியர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் வகுப்பின் தரம் என்ன ஆவது? அதே சமயம், ஒருவர்கூட இல்லையென்றால் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? ஆகையால் ஒன்று போதும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ரிஜிஸ்தரில் 'சாமானியர்: 1' என்று எழுதினார்கள். கதவோரத்தில் அவளுக்குக் கோணிச்சாக்கு ஒன்று விரித்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் அவளை வீராயி என்றோ ரெபெக்காள் என்றோ கூப்பிடவில்லை. "சாமானியர் வந்தாச்சா? ஆரம்பிக்கலாம்" என்பார்கள்.

புத்தகம் நாற்பது பாடம், எல்லாம் கேள்வி-பதிலாக இருக்கும். உபதேசியார் ஒரு கட்டளை போட்டிருந்தார். எதைச் சொன்னாலும் எத்தனையாவது பாடம், எத்தனையாவது கேள்வி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சாஸ்திரம் இல்லை, வெறும் பேச்சு. ஏதேன் தோட்டத்து ஆறுகள் நாலின் பேரையும் வீராயி மனப்பாடம் பண்ணினாள். பேழை எத்தனை முழம், தேவதூதரில் எத்தனை வகுப்பு, எல்லாம் ஒப்பித்தாள். பழம் பறிக்கும்போது செடிக்குச் செடி ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்வாள். பங்குனியில் தோட்டம் பூத்து வெளுத்தபோது எழுத்துக் கூட்டினாள், வைகாசியில் வரி படித்தாள். கமிட்டிக்காரர்கள் நாலாவது பாடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

முப்பதாவது பாடம் ஞானஸ்நானம். அன்றைக்கு உபதேசியார் மேசையைக் குத்தினார். "எட்டாம் கேள்வி! ஒரு தரம் கொடுத்த ஞானஸ்நானத்தை மறுபடியும் கொடுக்கலாமா? கூடாது! பெரிய பாதிரியாரே வந்தாலும் கூடாது! ஒரு தரம் என்றால் ஒரே தரம்!" மேசைமேல் இருந்த காப்பி தளும்பியது.

வீராயி அடுத்த பாடத்துக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் அவர், "முப்பத்திரண்டாம் பாடம்" என்றார்.

"ஏனுங்க, முப்பத்தொண்ணு?"

"அது குருமாருக்கு மட்டும். உங்களுக்கு வேண்டியதில்லை."

அவள் தன் புத்தகத்தைப் பார்த்தாள். முப்பத்தோராம் பாடத்தின் இரண்டு பக்கங்களையும் கஞ்சிப் பசை தடவி ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தார்கள். அதில்தான் மதில் சங்கதி இருக்கிறது என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. பிரிக்க மனசு வரவில்லை. பெரியவர்கள் ஒட்டினது, காரணம் இல்லாமலா ஒட்டியிருப்பார்கள்? அவ்வளவு நம்பிக்கை, பாவி மகளுக்கு.

கமிட்டி எல்லாவற்றையும் யோசித்தது, ஆடி மாதத்தை யோசிக்கவில்லை. மலையில் ஆடி பிறந்தால் உப்புச்சட்டி தண்ணீராகும், பெட்டிக்குள் இருக்கிற வேட்டி பூஞ்சை பிடிக்கும், மேகம் ஊட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். கஞ்சிப் பசை எத்தனை நாள் தாங்கும்? ஒரு சாயங்காலம் வீராயி புத்தகத்தை எடுத்தபோது அந்தப் பக்கங்கள் தானாகவே வாய் பிளந்திருந்தன. அடுப்பு ஓரத்தில் காயவைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

'ஐந்தாம் கேள்வி: சாகுந் தறுவாயிலுள்ள குழந்தைக்குக் குருவானவர் கிடைக்காவிடில் யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம்? பதில்: விசுவாசி எவரும் கொடுக்கலாம். ஆணும் கொடுக்கலாம், பெண்ணும் கொடுக்கலாம், பெற்ற தாயும் கொடுக்கலாம். ஒரு கை சுத்தத் தண்ணீரும், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்னும் சொல்லும் போதும்.'

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி படித்தாள். மூன்றாந்தரமும் அதே எழுத்துகள்தான் இருந்தன. மூலையில் அதே குடம் இருந்தது. "பெத்த தாயும்னு போட்டிருக்குதுங்க" என்று செல்லப்பனிடம் சொன்னாள். அவன் எழுந்து மழையில் போய் நின்றுகொண்டான். அவள் வயிற்றில் அறைந்துகொண்டு அழுதாள். பிள்ளை செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அன்றைக்கு ஆண்டவன் எடுத்துக்கொண்டான் என்று நினைத்திருந்தாள்.

விடிந்ததும் உபதேசியாரிடம் போனாள்.

"ஏனுங்க, இந்த அஞ்சாங்கேள்வி உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாமலா? பரீட்சையில் இந்தப் பாடத்தில் நான்தான் முதல்" என்றார் பெருமையாக. பிறகுதான் அவள் கையில் இருந்த பக்கத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கி எங்க ஊட்டுல, கொடத்துக்குப் பக்கத்துலதானுங்க நின்னீங்க."

"நின்றேன்."

"ஒரு கை தண்ணி போதுமுனு போட்டிருக்குதுங்க. நீங்க ஒரு செம்பு குடிச்சீங்களே சாமி!"

உபதேசியார் கொஞ்ச நேரம் குடையை மடக்கினார், விரித்தார். "நீ உணர்ச்சிவசப்படுகிறாய். பண்டிகைக்கு நாற்பது குழந்தை என்று முன்னாலேயே சீமைக்கு எழுதிவிட்டோம். ஆங்காங்கே காய்ச்சலுக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டே போனால் பண்டிகைக்கு மிஞ்சுவது எத்தனை?"

"எங்களுக்காவது சொல்லியிருக்கலாமுங்களே. நானே ஊத்தியிருப்பனே."

"அதனால்தான் ஒட்டினோம்" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷர், பாவம். "தவிர, நீ அப்போது படித்தவள் இல்லையே."

வீராயி புத்தகத்தை மூடிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோணிச்சாக்கில் வந்து உட்கார்ந்தாள். நாற்பது பாடமும் ஒப்பித்தாள். கமிட்டிக்கு நொம்ப சந்தோஷம். சாமானியருக்கு அடக்கம் வந்துவிட்டது, அதுவே சாஸ்திரத்தின் பலன் என்று எழுதி வைத்தார்கள்.

மார்கழி வந்தது. பெரிய பாதிரியார் டோலியில் ஏறி வந்து சேர்ந்தார். எட்டுப் பேர் சுமந்து வந்தார்கள், அவர் இறங்கி, பிரயாணம் சிரமமாக இருந்தது என்றார். வெள்ளித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். நாற்பது வெள்ளைச் சட்டை, நாற்பது பெயர்கள் எழுதின ஜாபிதா, போட்டோக்காரர் எல்லாம் தயார். முதலில் சாமானியரின் சாட்சி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. உபதேசியார் எழுதிக் கொடுத்த காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீராயி எழுந்தாள்.

"ஆபத்துல இருக்கற புள்ளைக்குப் பெத்தவளே ஞானஸ்நானம் குடுக்கலாமுங்க. முப்பத்தோராம் பாடம், அஞ்சாங்கேள்வி. அதை எங்களுக்குத் தெரியாம ஒட்டி வச்சிருந்தாங்க. எம் புள்ளை மதிலுக்கு வெளியில கெடக்குது. அதனால எல்லாரும் படிக்கோணுமுங்க. படிக்கலீன்னா நம்மளை நம்ம சாமி பேரைச் சொல்லியே ஏய்ச்சுப்போடுவாங்க."

பெரிய பாதிரியார் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். உபதேசியார் துரைப் பாஷையில் பெயர்த்தார்: தாய்க்குத் தாயாக இருந்து எங்களுக்குச் சாஸ்திரம் ஊட்டிய கமிட்டிக்கு நன்றி, எல்லோரும் படிக்க வேண்டும் என்று சொல்கிறாள். பெரிய பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசை கை தட்டியது.

"முதல் குழந்தை!" என்று மாசிலாமணி ஜாபிதாவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

லயத்துக் கண்ணாயி குழந்தையோடு எழுந்து நின்றாள். "எம் புள்ளைக்கு ஆயிடுச்சுங்க."

"என்ன ஆயிடுச்சு?"

"ஞானஸ்நானமுங்க. ஆவணியில காய்ச்சல் வந்துச்சு, நானே ஊத்திட்டேன். பேரு முனியப்பன்."

அடுத்தவளைக் கூப்பிட்டார். அவள் பிள்ளைக்குப் புரட்டாசியில் இருமல். அதற்கடுத்ததற்கு வயிற்றுப்போக்கு. மாசிலாமணி நாற்பது பேரையும் விடாமல் கூப்பிட்டார், கடைசியில் அவர் குரல் கம்மிவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட நாற்பது குழந்தைகளும் ஏற்கெனவே ஆளுக்கொரு பேரோடு உட்கார்ந்திருந்தன. உபதேசியார் பாய்ந்து வந்தார்.

"ஆபத்துக்கு மட்டும்தான்! சாகுந் தறுவாய் என்று போட்டிருக்கிறது!"

"இந்த மலையில எந்தப் புள்ளைங்க ஆபத்தில்லாம இருக்குது?" என்றாள் வீராயி. "வேணுமுன்னா இன்னொருக்கா குடுங்க. முப்பதாம் பாடம், எட்டாங்கேள்வி."

கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதை கேட்டிருப்பீர்கள். இங்கே தாலியை முன்னாலேயே கட்டிவிட்டார்கள், மேளக்காரர்கள்தான் மிச்சம். பெரிய பாதிரியாருக்கு இந்தத் தடவை மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வெள்ளித் தொட்டி நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது.

மறுநாள் கமிட்டி அவசரமாகக் கூடி வீராயியைக் கூப்பிட்டனுப்பியது. அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு நாற்காலி போட்டார்கள். மாசிலாமணி பிஸ்கத்துத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அம்மா ரெபெக்காள்! உன் துக்கத்தைக் கமிட்டி உணர்கிறது. ஆகையால் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். பலாமரத்துப் பக்கம் மதிலைப் பத்தடி தள்ளிக் கட்டிவிடுவோம். உன் குழந்தை உள்ளே வந்துவிடும். பதிலுக்கு நீ லயத்தில் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை என்று இந்தக் காகிதத்தில் ஒரு கையெழுத்து."

வீராயி அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். ஒரு வருஷமாக எதற்காகக் கோணிச்சாக்கில் உட்கார்ந்தாளோ, அது பிஸ்கத்துத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

"செவுரு நகருமுங்களா?"

"தாராளமாக. கமிட்டி நினைத்தால் ஒரு வாரம்."

"அப்பறம் சாஸ்திரம்? ஞானஸ்நானமில்லாத புள்ளை உள்ள வரக்கூடாதுங்கறது எத்தனாவது பாடமுங்க? நாப்பதும் படிச்சிட்டேன், என்ர கண்ணுல படலீங்க."

 மாசிலாமணிதான் சொன்னார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "அது பாடத்தில் இல்லையம்மா. அது நாங்கள் போட்ட விதி. அவ்வளவு சிரமப்பட்டு மதில் கட்டினோம். மதில் என்று ஒன்று கட்டினால் வெளியே வைக்க யாராவது வேண்டாமா?"

"அப்ப அன்னிக்கே நகர்த்தியிருக்கலாமுங்க."

"அன்றைக்கு நீ கேட்ட விதத்தில் நிர்ப்பந்தம் போதவில்லை" என்றார் உபதேசியார். அந்த மனுஷருக்குத் தமிழில் கடைசிவரைக்கும் பொய் சொல்ல வரவில்லை.

வீராயி பேனாவை எடுத்தாள். அவள் எழுதுவதைக் கமிட்டி எட்டிப் பார்த்தது. தன் பேரை எழுதவில்லை. 'எத்தனையாவது பாடம்?' என்று எழுதிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எம் புள்ளை சாஸ்திரத்தால வெளியில கெடக்குதுன்னு நெனச்சேனுங்க. அதைத் தாங்கிக்கிட்டேன். நீங்க வச்சதுனால கெடக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. உங்க செவுத்துக்குள்ள வேண்டாமுங்க, நீங்களே இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.  பிஸ்கத்தை யாரும் தொடவில்லை.

அந்த வருஷத்து ரிப்போர்ட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? சாமானியருக்குத் தேவசாஸ்திரம் இம்மலையின் சீதோஷ்ணத்துக்கு ஒத்துவரவில்லை, வகுப்பு நிறுத்தப்பட்டது என்று.

கமிட்டியை விட்டு வந்த வீராயி நேரே பலாமரத்தடிக்குப் போனாள். பக்கத்து ஓடையில் ஒரு கை தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து அந்தச் சின்ன மேட்டின்முன் நின்றாள். முப்பத்தோராம் பாடத்தின் ஏழாம் கேள்வி: மரித்தவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? கூடாது. படிக்காதவளாக இருந்திருந்தால் ஊற்றியிருப்பாள், ஊற்றி மனசும் ஆறியிருக்கும். படித்துத் தொலைத்துவிட்டாள்.

"பூவாயி" என்று மட்டும் கூப்பிட்டுப் பார்த்தாள். பேர் சொல்லிக் கூப்பிடுவதற்கு எந்தப் பாடமும் தடை இல்லை.

மேட்டு வளைவிலிருந்து செல்லப்பன் குரல் கொடுத்தான். "ஏ புள்ளை! லயத்துல குப்பாயிக்குப் பிரசவ வலி கண்டிருச்சு, உன்னத்தான் கேக்கறா!"

கையில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வீராயி லயத்துப் பக்கம் இறங்கி ஓடினாள்.